அல்பர்ரானா: ஒரு கோட்டைச் சொல்லின் வேரைப் பிடிப்பது எப்படி

ஸ்பெயினின் செவில் நகரில், குவாதல்கிவிர் ஆற்றங்கரையில், பன்னிரண்டு முகங்கள் கொண்ட ஒரு கோபுரம் தன்னந்தனியாக நிற்கிறது. தொர்ரே தெல் ஓரோ, அதாவது தங்கக் கோபுரம். கோட்டைகளைப் பற்றி எழுதும் ஸ்பானியர் இதை 'தொர்ரே அல்பர்ரானா', அதாவது மதிலை விட்டு விலகி நிற்கும் கோட்டைக் கோபுரம், என்ற வகையில் சேர்ப்பார்கள். போர்ச்சுகலில் இதே வகைக்குப் பெயர் 'அல்பர்ரா'. அந்தச் சொல்லை அகராதியில் தேடினால் கோபுரம் வரும், கூடவே ஒரு வெங்காயமும் வரும். சற்றுத் தள்ளி ஒரு ஆட்டிடையனும் வருவான். மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிட்டு 'காவல் கோபுரம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இந்த மூன்றும் ஒரே சொல்தான். அதை நிறுவும் வழி கீழே. இதே வழி வேறு கோட்டைச் சொற்களுக்கும் உதவும்.

முதலில் ஒட்டைக் கழற்றுங்கள்

ஸ்பானியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் 'அல்' என்று தொடங்கும் கோட்டைச் சொல்லைக் கண்டால் அரபு நினைவுக்கு வரவேண்டும். கி.பி. 711 முதல் 1492 வரை ஐபீரிய தீபகற்பத்தின் ஏதோ ஒரு பகுதியாவது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. கட்டடம், நீர்ப்பாசனம், வரி, படை ஆகிய துறைகளின் சொற்கள் அப்போது கூட்டமாக உள்ளே வந்தன. வரும்போது 'அல்' என்ற அரபுச் சுட்டையும் ஒட்டிக்கொண்டே வந்தன. அல்காசர் என்பது அல்+கஸ்ர், அரண்மனைக் கோட்டை. அல்காய்தே என்பது அல்+காயித், கோட்டைத் தலைவன். அல்ஹிபே என்பது அல்+ஜுப், கோட்டைக்குள் இருக்கும் நீர்த்தொட்டி.

சிக்கல் என்னவென்றால், ஒட்டு எல்லா இடத்திலும் 'அல்' என்றே தெரியாது. அரபில் சில எழுத்துகளின் முன் அந்த 'ல்' கரைந்து, அடுத்த மெய்யாகவே மாறிவிடும். மதரசாவில் ஓதியவர்களுக்கு ஷம்ஸிய்யா ('ல்' கரையும் எழுத்துகள்), கமரிய்யா (கரையாதவை) என்று இது பாடமாகவே தெரியும். மற்றவர்கள் நம் புணர்ச்சி விதியை நினைத்துக்கொள்ளலாம்: கல்+தூண் 'கற்றூண்' ஆவது போல, அல்+தர்ப் 'அத்தர்ப்' ஆகி, ஸ்பானியத்தில் 'அதார்வே' ஆனது. மதில் மேல் காவலர் நடக்கும் பாதை அது. பின்னாலும் வரும், நினைவில் இருக்கட்டும். 'அதாலயா' எனும் காவல் மேடும் அப்படியே. 'ப' ஒலி (ஆங்கில B எழுத்தின் ஒலி, 'பந்து' என்பதில் வருவதல்ல) கமரிய்யா வகை என்பதால் அதன் முன் 'ல்' கரையாது. ஆகவே அல்பர்ரானாவில் ஒட்டு முழுதாகத் தெரிகிறது. கழற்றினால் மிஞ்சுவது 'பர்ரானா'.

ஒரு எச்சரிக்கை. 'அல்' இருந்தால் எல்லாமே அரபு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'அல்பா' என்றால் விடியல், அது சுத்தமான லத்தீன். கோட்டையின் பல்வரிசை போன்ற மதில் முகட்டுக்கு ஸ்பானியத்தில் 'அல்மேனா' என்று பெயர். அதில் ஒட்டு மட்டும் அரபு, அடிச்சொல் லத்தீன். இரண்டு மொழியும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும் கலப்பு அது. ஒட்டைக் கழற்றிய பிறகு மிஞ்சுவதற்கு அரபில் பொருள் உண்டா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

இரண்டு மொழிகளையும் பக்கத்தில் வையுங்கள்

ஸ்பானிய வடிவம் அல்பர்ரானா. போர்ச்சுகீசிய வடிவத்தில் கடைசி 'னா' இல்லை, மூக்கொலியோடு முடியும் 'ரா' மட்டும் இருக்கிறது. எழுதும்போது அந்த 'ஆ'வின் தலையில் அலைக்கோடு ஒன்று போடுவார்கள். வேறு சொல்லோ என்று தயங்க வேண்டாம். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் 'ன' போர்ச்சுகீசியத்தில் உதிர்ந்து, தன் தடமாக மூக்கொலியை விட்டுச் செல்லும். சகோதரி ஸ்பானியத்தில் 'எர்மானா', போர்ச்சுகீசியத்தில் 'இர்மா'. கம்பளி 'லானா', 'லா'. ஆப்பிள் 'மன்சானா', 'மசா'. அல்பர்ரானா, அல்பர்ரா என்பதும் இந்த வரிசையில் சரியாக உட்காருகிறது. இப்படி ஒலி விதிக்குள் உட்கார்ந்தால்தான் இரண்டும் ஒரே சொல் என்று சொல்லலாம். வெறும் சாயல் போதாது.

பழைய போர்ச்சுகீசிய ஆவணங்களில் தேடுபவர்கள் 'ப' இருக்கும் இடத்தில் 'வ' போட்டும் தேட வேண்டும். 'அல்வர்ரா' என்று எழுதிய காலமும் உண்டு.

வேர்: வெளி

பர்ரானி என்ற அரபுச் சொல்லுக்கு வெளியாள், அயலான், புறத்தே உள்ளது என்று பொருள். அடியில் இருப்பது 'பர்ர்': கடலுக்கு எதிரான நிலம், ஊருக்கு எதிரான வெட்டவெளி. வளைகுடா நாடுகளில் வேலைபார்த்த தமிழர்களுக்கு இந்த வேரைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 'பர்ரா!' என்று யாராவது குரல் உயர்த்தினால் 'வெளியே' என்று பொருள், அங்கே போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். மால்ட்டா மொழியில் இன்றும் 'பர்ரானி' என்றால் வெளியாள்தான்.

'தொர்ரே' பெண்பால் சொல். அதனால் அடைமொழியும் பெண்பாலாக 'அல்பர்ரானா' ஆயிற்று. நேர்ப்பொருள் 'வெளியாள் கோபுரம்'. மதிலை விட்டு விலகி வெளியே நிற்கிறது, பாலமோ ஒற்றைச் சுவரோ மட்டும்தான் உறவு. பெயர் அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது.

இதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது: ஸ்பானிய 'பாரியோ', போர்ச்சுகீசிய 'பாய்ர்ரோ'. இன்று ஊருக்குள் இருக்கும் பேட்டை, வட்டாரம் என்று பொருள். தொடக்கத்தில் மதிலுக்கு வெளியே இருந்த குடியிருப்பு, நம் புறஞ்சேரி மாதிரி. ஊர் வளர்ந்து வெளியை விழுங்கிவிட்டது, சொல் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது. ஸ்பானிய ஆட்சி வழியாக இது பிலிப்பைன்ஸுக்கும் போய் அங்கே 'பாரியோ' சிற்றூரானது.

வெங்காயமும் இடையனும்: பொருளைச் சோதிக்கும் படி

வேரைக் கண்டதும் நின்றுவிடாமல், அதே சொல் வேறு எதற்கெல்லாம் பெயராக இருக்கிறது என்று தேடுங்கள். கண்டுபிடித்த வேர் சரி என்றால் அது எல்லாவற்றையும் விளக்க வேண்டும்.

ஸ்பானியத்தில் 'செபோய்யா அல்பர்ரானா', போர்ச்சுகீசியத்தில் 'செபோலா அல்பர்ரா' என்பது மத்தியதரைக் கடலோரங்களில் தானாக வளரும் பெருங்கிழங்குச் செடி. கிழங்கு பாதி மண்ணுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், கடும் நச்சு. இதன் சிவப்பு வகையை எலி மருந்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதன் இந்திய உறவுக்கு நம்மூரில் நரிவெங்காயம் என்று பெயர். தோட்டத்துக்குள் வளர்வது வெறும் வெங்காயம், வெளியே காட்டில் வளர்வதற்கு நரி, பேய், காட்டு என்று ஏதாவது ஒரு முன்னொட்டு. பேய்ப்புடல், நாய்த்துளசி, காட்டாமணக்கு எல்லாம் இதே வழக்கம்தான். ஐபீரியாவில் அந்த வேலையை 'அல்பர்ரானா' செய்திருக்கிறது.

ஆண்பால் வடிவம் 'அல்பர்ரான்'. சொந்த வீடு வாசல் இல்லாத பண்ணையாள், ஆட்டிடையன் என்று அகராதிகள் பொருள் சொல்லும். ஸ்பானியக் குடும்பப் பெயராகவும் இருக்கிறது. கோபுரம், கிழங்கு, ஆள் மூன்றுக்கும் பொது 'வெளி' ஒன்றுதான்.

எங்கே வழுக்கும்

அதிகம் வழுக்குவது 'அல்பரான்' என்ற சொல்லில். ஒற்றை 'ர'. சரக்கோடு வரும் டெலிவரி சலான் அது. போர்ச்சுகீசியத்தில் இதே சொல் 'அல்வரா' ஆகி, அரசு உரிமம் என்ற பொருளில் இன்றும் நடமாடுகிறது. வேர் 'பராஆ', கடன் தீர்ந்ததற்கான ரசீது. இடையன் அல்பர்ரானுக்கும் சலான் அல்பரானுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு 'ர்'. தேடலில் ஒரு எழுத்தை விட்டீர்களானால் கோட்டைக்குப் பதில் கிட்டங்கிக்குப் போய்ச் சேருவீர்கள். தமிழில் குறிப்பெடுக்கும்போது 'ர்ர' என்று இரட்டித்தே எழுதுங்கள்.

அடுத்தது அல்பர்ரசீன். தெருவேல் மாகாணத்தில் இருக்கும் மதில் சூழ்ந்த ஊர். சிவந்த சுவர்கள், மலை உச்சி வரை ஏறும் கோட்டை என்று எல்லாமே பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர் அங்கே ஆண்ட பனூ ரசீன் என்ற பெர்பர் குலத்தின் பெயர். 'பனூ' என்பது தேய்ந்து 'பர்' ஆகியிருக்கிறது, வெளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'அல்பர்ராதா' என்றால் தண்ணீரைக் குளிர வைக்கும் மண்ஜாடி, 'குளிர்ச்சி' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'பார்பக்கானா' என்ற கோட்டைச் சொல் அல்பர்ரானாவோடு எதுகை சேரும், இரண்டும் பல கோட்டைகளில் அடுத்தடுத்தே இருக்கும், ஆனால் உறவுக்காரர் அல்லர். முதன்மை மதிலுக்கு முன்னால் ஓடும் தாழ்ந்த வெளிமதில்தான் பார்பக்கானா.

அகராதியும் சில சமயம் கை கொடுக்காது. ஸ்பானிய அகராதிகளில் 'தொர்ரே' என்ற பதிவின் கீழே பாருங்கள், அங்கேதான் 'தொர்ரே அல்பர்ரானா' விளக்கமாக இருக்கும். மதில் நெடுகிலும் இடைவெளி விட்டுக் கட்டிய வலுவான கோபுரங்கள் என்ற பொருளும், மதிலுக்கு வெளியே எழுப்பிய கோபுரம் என்ற பொருளும் அருகருகே தரப்பட்டிருக்கும். முதலாவது மிகத் தளர்வானது. மதிலோடு ஒட்டிய சாதாரணக் கோபுரமும் அதற்குள் அடங்கிவிடும். கட்டடக்கலை எழுத்துகளில் இன்று இரண்டாவது பொருளே செல்லும். போர்ச்சுகலில் பொருள் இன்னொரு பக்கமும் நகர்ந்திருக்கிறது. தனித்து நின்றதால் பத்திரமானது என்று, அரசக் கருவூலம் வைத்த கோபுரத்தையும் பழைய ஏடுகள் இதே பெயரால் குறிக்கும். ஏட்டில் 'அல்பர்ரா' வந்து, பக்கத்திலேயே பொன், வெள்ளி, பெட்டகம் என்று பேச்சு போனால் அங்கே சண்டைக்கான கோபுரத்தைத் தேடாதீர்கள்.

கோபுரத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கும்போது

சொல் சரியாகப் புரிந்ததா என்பதைக் கடைசியில் கட்டடத்தில்தான் சரிபார்க்க வேண்டும். அதற்கு இந்தக் கோபுரம் ஏன் வெளியே போனது என்று தெரிய வேண்டும்.

மதில் மேல் நிற்கும் காவலனுக்கு நேர் கீழே, சுவரின் காலடியில், எதிரி ஒட்டிக்கொண்டால் தெரியாது. எட்டிப் பார்த்தால் அம்பு வாங்குவான். கோபுரம் மதிலை விட்டு முன்னால் நீண்டிருந்தால் அங்கிருந்து பக்கவாட்டில் சுவரின் அடி முழுக்கத் தெரியும். எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு நல்ல பார்வை. மதிலோடு ஒட்டிய கோபுரத்தில் ஒரு குறையும் உண்டு: எதிரி அடியில் சுரங்கம் தோண்டி அதைச் சரித்தால் மதிலிலும் ஓட்டை விழும். ஏறிப் பிடித்துவிட்டாலோ அங்கிருந்து நேராக அதார்வேயில் நடந்து ஊருக்குள் இறங்கலாம். அல்பர்ரானாவில் இரண்டும் நடக்காது. கோபுரம் சரிந்தால் மதில் அப்படியே நிற்கும். பிடிபட்டால் பாலத்தை அறுத்துவிட்டால் போதும். நடுவில் மரப்பலகைப் பாலம் போட்டிருந்தால் இழுத்துக்கொண்டாலே தீர்ந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பாலத்துக்கடியில் இருக்கும் இடுக்கில் எதிரி பதுங்கலாம், கோபுரத்திலிருந்து அங்கே அம்பு விழாது. அதனால்தான் சில கோபுரங்களில் பாலத்தின் தரையிலேயே துளை விட்டிருப்பார்கள், மேலிருந்து நேராகக் கல்லை இறக்க. வளைவுக்கு அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். அந்தத் துளை தெரிந்தால் இது வெறும் வழிப்பாலமாக இருந்ததில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

நேரில் பார்த்தாலும் படத்தில் பார்த்தாலும் வரிசை இதுதான். மேலிருந்து எடுத்த படத்தில் கோபுரத்துக்கும் மதிலுக்கும் நடுவே இடைவெளி உண்டா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சில மீட்டர்தான் இருக்கும். அடுத்து வாசல். அல்பர்ரானாவுக்குள் நுழையும் வழி தரை மட்டத்தில் இருக்காது, மதில் நடைபாதையின் மட்டத்தில்தான் இருக்கும். அடிப்பகுதி பெரும்பாலும் உள்ளே வெற்றிடமே இல்லாமல் கெட்டியாக நிரப்பப்பட்டது, அறை மேலேதான். தரையில் கதவு தெரிந்தால் அது பிற்காலத்தில் உடைத்து வைத்ததா என்று கல்லின் விளிம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பலர் ஏமாறுவது இடைவெளியை அடைத்துவிட்ட கோபுரங்களில். கோட்டை காலாவதியான பிறகு அந்த இடுக்கில் வீடு கட்டினார்கள், கிட்டங்கி வைத்தார்கள், சுவர் எழுப்பி மூடினார்கள். இப்போது பார்த்தால் மதிலோடு ஒட்டிய சாதாரணக் கோபுரம் போலவே இருக்கும். அப்போது மூலையில் மேலிருந்து கீழாக ஓடும் நேர்கோட்டு இணைப்பைத் தேட வேண்டும். ஒரே சமயத்தில் கட்டிய இரண்டு சுவர்கள் பல்லும் பல்லும் கோத்தது போல் பிணைந்திருக்கும். பின்னால் சேர்த்தது வெறுமனே சாய்ந்து நிற்கும், நடுவில் கத்தி நுனி நுழையும் அளவுக்குப் பிளவு ஓடும்.

மண்சுவர்க் கோபுரம் என்றால் இன்னும் வசதி. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆண்ட அல்மொஹாது என்ற முஸ்லிம் வம்சத்தினர், மண்ணும் சுண்ணாம்பும் சரளையும் கலந்து பலகைப் பெட்டிக்குள் கொட்டி, திமிசு போட்டு இடித்து, அடுக்கடுக்காக ஏற்றிக் கட்டினார்கள். ஸ்பானியத்தில் 'தபியால்', போர்ச்சுகீசியத்தில் 'தாய்ப்பா'. ஒவ்வொரு அடுக்கும் சுமார் 80 முதல் 90 செ.மீ. உயரம். அடுக்கு சேரும் கோட்டில் பலகையைத் தாங்கிய குறுக்குக் கட்டைகளின் துளைகள் வரிசையாகத் தெரியும். கோபுரத்தின் துளை வரிசையும் மதிலின் துளை வரிசையும் ஒரே மட்டத்தில் போகவில்லை என்றால் இரண்டும் தனித்தனி வேலை. துளை வரிசைகளை எண்ணி ஓர் அடுக்கின் உயரத்தால் பெருக்கினால் ஏணி இல்லாமலே உயரம் ஓரளவு கிடைத்துவிடும். போர்ச்சுகலின் தெற்கே அல்கார்வில் இருக்கும் பாதெர்னெ கோட்டையில் இதைப் பழகிப் பார்க்கலாம். அங்கே ஒரே ஒரு அல்பர்ராதான் உண்டு, ஆனால் மண்சுவர் வேலை கண்முன்னே திறந்து கிடக்கிறது. லூலேயின் 'தோர்ரெ த வேலா'வும் மண்சுவர் அல்பர்ரா. சில்வெஷில் சிவப்பு மணற்கல் வேலை. அங்கே நகர வாயிலையே இந்த வகைக் கோபுரத்தோடு சேர்த்துவிட்டார்கள், ஆகவே வளைவைக் கண்டதும் 'வாசல், அல்பர்ரா இல்லை' என்று தள்ளிவிடக் கூடாது.

கல்லாலான கோபுரங்களுக்கு ஸ்பெயின் நல்லது. தலவேரா தெ லா ரெய்னா நகரில் மதில் நெடுகிலும் அல்பர்ரானாக்கள் வரிசையாகவே நிற்கின்றன, உயர்ந்த வளைவுகளோடு. படம் பார்த்துப் பழக அதைவிடச் சிறந்த இடம் இல்லை. தொலேதோ மாகாணத்து மோந்தல்பான் கோட்டையில் கப்பலின் முகப்புப் போல் கூர்ந்த ஐங்கோணக் கோபுரங்கள். பதஹோஸ் நகரின் எண்கோண 'எஸ்பந்தபேர்ரோஸ்' கோபுரத்தின் பெயருக்கு 'நாய்விரட்டி' என்று பொருள். கோர்தோவாவின் 'மால்முயெர்த்தா' 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிறித்தவ ஆட்சியில் எழுந்தது. வகை அரபுக் காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

தங்கக் கோபுரத்துக்குத் திரும்பினால், அதில் மட்டும் மேற்சொன்ன சோதனைகளில் பாதி வேலை செய்யாது. 1220-21இல் கட்டிய அந்தக் கோபுரத்தை அரண்மனைக் கோட்டையோடு இணைத்தது சிறு பாலம் அல்ல, ஆற்றை நோக்கி நீண்ட ஒரு சுவர். நடுவில் 'வெள்ளிக் கோபுரம்' வேறு. நீர்நிலை வரை நீளும் இத்தகைய சுவருக்கு ஸ்பானியத்தில் 'கொராச்சா', போர்ச்சுகீசியத்தில் 'கொராசா' என்று தனிப்பெயர் உண்டு. எனவே அதை அல்பர்ரானா என்றும் சொல்லலாம், கொராச்சாவின் முனைக் கோபுரம் என்றும் சொல்லலாம். இரண்டும் பிழையில்லை. இணைப்புச் சுவரை 19-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். இன்று பார்ப்பவர்கள் 'முதலிலிருந்தே தனியாக நின்றது, ஆகவே அல்பர்ரானா' என்று எழுதுவது காரணம் தவறிய சரியான விடை. உச்சியில் இருக்கும் உருளை வடிவ அடுக்கையும் அரபுக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது 1760இல் வைத்தது.

தமிழில் எப்படி எழுதுவது

கொத்தளம் என்று எழுதவே கூடாது. கோட்டைக் கொத்தளத்தில் கொடியேற்றம் என்று ஆண்டுதோறும் படிக்கிறவர்களுக்கு அது அகன்ற, தாழ்ந்த, பீரங்கிக்கான மேடை. அதற்கு ஐபீரிய மொழிகளில் 'பலுவார்த்தே' என்று வேறு சொல் இருக்கிறது, அதன் பிறப்பிடமும் வேறு: டச்சுப் பக்கத்து 'போல்வெர்க்', பிரெஞ்சில் 'பூல்வார்' ஆன அதே சொல். பீரங்கி வந்ததும் உயர்ந்து தனித்து நின்ற அல்பர்ரானா எளிதான இலக்காகிப் போனது, கட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். தெற்கிலிருந்து வந்த சொல் ஒதுங்கி, வடக்கிலிருந்து வந்த சொல் அதன் இடத்துக்கு வந்தது. மணிலாவின் மதில் சூழ்ந்த பழைய நகரான இன்ட்ராமுரோஸில் ஸ்பானியர் கட்டியவை பலுவார்த்தேக்கள்தான். பிலிப்பைன்ஸ் அரசியலில் ஒரு கட்சியின் கோட்டையான தொகுதியை இன்றும் 'பல்வார்த்தே' என்கிறார்கள்.

'காவல் கோபுரம்' என்றால் ஊரை விட்டு வெகுதூரத்தில் குன்றின் மேல் நிற்கும் அதாலயாவோடு குழம்பும். வெறும் 'கோபுரம்' என்றாலோ வாசகர் மனத்தில் சிற்பங்களோடு கோயில் எழுந்துவிடும். 'புறக்கோபுரம்' வேருக்கு மிக நெருக்கமானது, 'புற' என்பது 'பர்ரானி'யின் வேலையை அப்படியே செய்கிறது. கோயில் மதிலின் வெளிக்கோபுரம் என்று படித்துவிடும் ஆபத்து மட்டும் உண்டு. முதல் முறை வரும்போது 'மதிலை விட்டு விலகி நின்று பாலத்தால் மட்டும் இணையும் அல்பர்ரானா கோபுரம்' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு அல்பர்ரானா என்றே போவது நல்லது. போர்ச்சுகல் கோட்டை என்றால் அல்பர்ரா. ஒரே கட்டுரையில் இரு நாட்டுக் கோட்டைகளும் வந்தால் ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு மற்றதை ஒருமுறை மட்டும் சொல்லிவிடுங்கள். பன்மைக்கு ஸ்பானிய 'ஸ்' வேண்டாம். 'அல்பர்ரானாஸ்கள்' என்று சில இடங்களில் அச்சாகியே வருகிறது. 'அல்பர்ரானாக்கள்' போதும்.